விரல்கள் உதிர்வதில்லை

கொல்லிமலையில் வளர்ந்து, வேலூரில் கத்தி எடுத்து, தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை நிமிர்த்தியவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் கண்டுபிடித்த உண்மை இன்று சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் காப்பாற்ற வேண்டிய கால்கள் பலவற்றுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

வேலூரில் ஒரு சாமான் அறை. கதவில் தொங்கும் பூட்டு துருவேறிக் கிடக்கிறது. டாக்டர் சாவியைப் போட்டுத் திருகிப் பார்க்கிறார், அசையவில்லை. பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற பையனுக்குப் பத்து வயது இருக்கலாம். வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத ஒல்லி உடம்பு. சிரித்தபடி முன்னால் வந்து சாவியை வாங்கி ஒரே திருகு. பூட்டு திறந்துகொண்டது.

இந்தச் சின்ன உடம்பில் இவ்வளவு பலமா என்று டாக்டர் திகைத்து நிற்கும்போதே, தரையில் ரத்தம் சொட்டுவது கண்ணில் படுகிறது. பையனின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார். சாவியின் விளிம்பு தோலையும் சதையையும் கிழித்துக்கொண்டு விரல் எலும்பு வரை இறங்கியிருக்கிறது. பையன் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. கையில் வெட்டுப்பட்டதே அவனுக்குத் தெரியவில்லை.

பையனுக்குத் தொழுநோய். டாக்டரின் பெயர் பால் வில்சன் பிராண்ட்.

குஷ்டம் வந்தால் விரல் அழுகி விழும் என்றுதான் உலகம் ஆயிரக்கணக்கான வருடங்களாக நம்பியிருந்தது. ஊர்ச்சனம் மட்டுமல்ல, மருத்துவர்களும் நம்பினார்கள். அந்தப் பூட்டுக்கு முன்னால் நின்ற பிராண்டுக்கு வேறொன்று தோன்றியது. நம் விரல் நோகும் என்பதால் நாம் ஓரளவுக்கு மேல் அழுத்துவதில்லை. இந்தப் பையனுக்கு நோவே இல்லை, அதனால் அளவும் இல்லை. அப்படியானால் விரல்களைத் தின்பது நோய்தானா? அன்றாட வேலையில் படும் அடிகளா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அவருடைய மீதி வாழ்க்கை கழிந்தது.

கொல்லிமலையிலிருந்து கொத்தனார் வேலைக்கு

1914 ஜூலை 17 அன்று பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர் பால். அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவலின் இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் மிஷனரிகள். ஜெஸ்ஸி முறையாகப் படித்த டாக்டர் அல்ல. கொஞ்சம் மருத்துவப் பயிற்சி, நிறையக் கைவேலை. மலையில் அவரே மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், வீடு கட்டினார், பள்ளிக்கூடம் நடத்தினார்.

ஒருநாள் மூன்று தொழுநோயாளிகள் மலையேறி வீட்டு வாசலுக்கு வந்ததைப் பால் கடைசிவரை மறக்கவில்லை. அப்பா கையுறை மாட்டிக்கொண்டு அவர்களுடைய கால் புண்களைக் கழுவிக் கட்டுப்போட்டார். பிள்ளைகள் கிட்டே போகக்கூடாது என்று அம்மா தடுத்துவிட்டார். எவர் வந்தாலும் தொட்டுப் பேசும் பெற்றோரையே இந்த நோய் தயங்க வைத்ததை அந்தச் சிறுவன் தூரத்தில் நின்று பார்த்தான்.

ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-ல் அப்பா கொல்லிமலையிலேயே கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். மகன் அப்போது பள்ளி மாணவன், தந்தையின் முகத்தை மறுபடி பார்க்கவே இல்லை.

பாலுக்கு டாக்டராகும் எண்ணமே இருந்ததில்லை. புண்ணும் சீழும் ரத்தமும் அவருக்கு அருவருப்பு. பள்ளி முடித்ததும் கட்டட வேலைக்குப் போனார். தச்சு, கொத்து என்று சில ஆண்டுகள் தொழில் கற்றார். மிஷனரியாகத் திரும்பிப் போய் மலையில் வீடு கட்டிக் கொடுப்பதுதான் திட்டம். அதற்கு உதவும் என்று படித்த ஒரு வருட அடிப்படை மருத்துவப் பயிற்சி அவரை இந்தப் பக்கம் இழுத்துப்போட்டது. 1937-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் சேர்ந்தார். போர் வந்தது. குண்டுவீச்சில் சிதைந்த உடம்புகளை வைத்து அறுவை மருத்துவம் கற்றார். 1943-ல் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம். கூடப் படித்த மார்கரெட் பெர்ரியுடன் திருமணமும் அதே ஆண்டில்தான்.

தச்சு வேலை கற்ற அந்த ஆண்டுகளை வீண் என்று சொல்லவே முடியாது. ஒரு மூட்டு எந்தப் பக்கம் இழுபடும், எந்த இடத்தில் பாரம் தாங்கும், எங்கே தேயும் என்று பார்க்கிற கண் அங்கேதான் அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் கையின் இயக்கவியல் குறித்து அவர் எழுதிய பாடநூலைப் புரட்டினால், மருத்துவரோடு ஒரு கைவினைஞரும் சேர்ந்து எழுதியிருப்பது தெரியும்.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

1946 கடைசியில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடம், அப்போது பெரிய மருத்துவக் கல்லூரியாக உருவெடுத்துக்கொண்டிருந்தது. பிராண்டை அழைத்தவர் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன். 1947-ல் செங்கல்பட்டு திருமணியில் இருந்த தொழுநோய் காப்பகத்தைச் சுற்றிக் காட்ட காக்ரேன் அவரைக் கூட்டிப்போனார்.

அங்கே நூற்றுக்கணக்கான கைகள். சிலவற்றில் விரல்கள் கொக்கிபோல் உள்ளே மடங்கியிருந்தன. சிலவற்றில் விரல்களே இல்லை. எலும்பு மூட்டு நிபுணர்கள் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று பிராண்ட் விசாரித்தார். எதுவும் செய்வதில்லை என்பதுதான் பதில். உலகில் லட்சக்கணக்கானவர்களை முடமாக்கிய ஒரு நோயை எலும்பு மருத்துவம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று காக்ரேன் குற்றஞ்சாட்டினார்.

பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையை நுழைத்து, அழுத்தச் சொன்னார். செத்துப்போன கை என்றுதான் எதிர்பார்த்தார். அந்தக் கை இடுக்கிபோலப் பிடித்தது. வலி தாங்காமல் விடச் சொல்லவேண்டியதாயிற்று. அந்த வலி சொன்ன செய்தி முக்கியமானது: இந்தக் கையில் நல்ல தசைகள் உயிரோடு இருக்கின்றன.

ஏன் சில தசைகள் செத்து, சில பிழைத்திருக்கின்றன? செங்கல்பட்டில் இறந்த நோயாளிகளின் உடலைப் பரிசோதித்து நரம்புகளை அங்குலம் அங்குலமாகப் பிரித்துப் பார்த்தார். நரம்புகள் கண்ட இடத்தில் வீங்கவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டுக்கு மேலே, முழங்கால் பக்கவாட்டில், கணுக்காலில் என்று தோலை ஒட்டி ஓடும் இடங்களில்தான் வீங்கியிருந்தன. உடம்பின் மற்ற பகுதிகளைவிடக் குளிர்ச்சியான இடங்கள் அவை. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சிதான் பிடிக்கும். அந்த இடங்களுக்கு முன்பே நரம்பு வாங்கிக்கொள்ளும் முன்கைத் தசைகள் தப்பிவிடும். அதற்குக் கீழே உள்ளங்கையின் சின்னத் தசைகள் வாடிவிடும். எந்தக் கையில் பார்த்தாலும் இதே ஒழுங்கு. ஒழுங்கு இருந்தால் அறுவை மருத்துவருக்குப் போதும். எந்தத் தசை பிழைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அதைக் கடன் வாங்கலாம்.

கடன் வாங்கிய நாண்

நம் ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. ஒன்று விரல் நுனிவரை போகும், இன்னொன்று நடு எலும்போடு நின்றுவிடும். ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றொன்று விரலை மடக்கும். பிராண்ட் முதலில் செய்தது இதுதான். மிச்சமாக இருக்கும் நாணை விரலிலிருந்து விடுவித்து, கீற்றுகளாகப் பிளந்து, வாடிப்போன சின்னத் தசைகள் ஓடும் அதே பாதை வழியாகச் செலுத்தி, விரலின் பின்புறம் கொண்டுபோய்த் தைத்தார். அதுவரை விரலை மடக்கிக்கொண்டிருந்த தசை, இனி அதை நிமிர்த்த உதவும். ஸ்டெர்லிங் பனல் என்ற அமெரிக்கரின் கை அறுவை நூல்தான் அப்போது அவருக்கு வழித்துணை.

பிறகு சொந்தமாக ஒரு முறையை வளர்த்தார். மணிக்கட்டைத் தூக்கும் தசைகளில் ஒன்றை எடுத்து, அதன் நீளம் போதாததால் காலிலிருந்து மெல்லிய நாண் ஒன்றை உருவி ஒட்டுப்போட்டு, நான்கு வாலாகப் பிரித்து நான்கு விரல்களுக்கும் கொடுத்தார். கை அறுவை மருத்துவத்தில் இன்றும் அது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

தையல் பிரித்ததும் வேலை முடிந்துவிடாது. மணிக்கட்டைத் தூக்க வேண்டும் என்று நினைத்தால் இப்போது விரல் நிமிரும். மூளைக்கு இது புதுப் பாடம். வாரக்கணக்கில் பிசியோதெரபி. நோயாளி தன் விரலையே உற்றுப் பார்த்தபடி, மணிக்கட்டை அசைக்க நினைத்து விரலை அசைக்கப் பழகவேண்டும். உணர்ச்சியே இல்லாத கை என்பதால் கண்தான் அதற்கு வழிகாட்டி.

இந்த முன்னேற்றத்தில் நோயாளிகளின் பங்கு கட்டுரைகளில் அதிகம் எழுதப்படுவதில்லை. வெற்றி தோல்வி தெரியாத அறுவைக்கு முதலில் கை நீட்டியவர்கள் அவர்கள். தெருவிலும் காப்பகத்திலும் தள்ளப்பட்டு, இழக்க இனி ஒன்றுமில்லை என்ற நிலையில் வந்தவர்கள். அவர்களுடைய பொறுமை இல்லாமல் இந்தச் சிகிச்சையே கிடையாது. பிராண்ட் தன் நூல்களில் பக்கம் பக்கமாக அவர்களைப் பற்றி எழுதியிருப்பது அவர் மீதான என் மரியாதையைக் கூட்டுகிறது.

────────────
பால் பிராண்ட்: சில குறிப்புகள்

1914: பிறப்பு
1946: வேலூர் சி.எம்.சி.யில் பணி
1952: லண்டன் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹண்டேரியன் பேராசிரியர். தலைப்பு, தொழுநோயில் கைச் சீரமைப்பு
1955: வேலூர் அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் தொடக்கம்
1960: ஆல்பர்ட் லாஸ்கர் விருது
1961: பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ. பட்டம்
1966: அமெரிக்காவின் லூசியானா மாநிலம், கார்வில் தொழுநோய் மருத்துவமனை
1985: கையின் இயக்கவியல் குறித்த பாடநூல்
1993: பிலிப் யான்சியுடன் சேர்ந்து, வலியைப் பற்றிய தன்வரலாற்று நூல்
2003 ஜூலை 8: சியாட்டிலில் மறைவு
────────────

எலி கடித்த ராத்திரிகள்

தொழுநோயாளியின் சதை 'கெட்ட சதை', வெட்டினால் ஆறாது என்று அந்நாள் மருத்துவ உலகம் நினைத்தது. அறுவைக்கு ஒரு கட்டில் ஒதுக்கவே தயங்கினார்கள். பிராண்ட் வெட்டித் தைத்த புண்கள் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறின. சதையில் கோளாறு இல்லை. அப்படியென்றால் காப்பகத்தில் இருக்கும்போதே விரல்கள் குட்டையாகிக்கொண்டு வருவது எப்படி?

பிராண்ட் குழுவினர் துப்பறியக் கிளம்பினார்கள். ஒவ்வொரு நோயாளியும் தன் கைகால்களைத் தினமும் பார்த்துப் புதுக் காயம் எதுவென்று சொல்லவேண்டும், அந்தக் காயம் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கவேண்டும். சமையல்காரர் கொதிக்கும் சட்டியை வெறுங்கையால் இறக்கியிருப்பார். தச்சு வேலை பழகுகிறவர் சுத்தியலைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்துக் கொப்புளம் வரவழைத்திருப்பார். பீடி விரலிடுக்கில் எரிந்து முடிந்திருக்கும். காரணம் தெரியாத காயம் என்று ஒன்று மிஞ்சவே கூடாது என்பது விதி.

ஒன்று மிஞ்சியது. ராத்திரி படுக்கும்போது இருந்த விரலின் ஒரு துண்டு காலையில் காணாமல் போனது. இரவில் கண்விழித்துக் காவல் காத்தபோது உண்மை வெளிப்பட்டது. எலி கட்டிலேறி வந்து, அசையாத விரலை முகர்ந்து பார்த்துவிட்டுக் கொறித்துத் தின்றது. தூங்குகிறவருக்கு வலி இல்லை, விழிப்பும் இல்லை. அதற்குப் பிறகு சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் பூனையை மருந்துச் சீட்டில் எழுதிய இடம் வேலூராகத்தான் இருக்கும்.

முடிவு தெளிவாகிவிட்டது. நோய் நரம்பைக் கொல்கிறது. நரம்பு போனதும் வலி போகிறது. வலி போனபின் அடி, சூடு, கொப்புளம், சீழ், எலும்பு அரிப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து விரலைக் குறுக்குகின்றன. விரல் தானாக உதிர்வதில்லை. இதைச் சொல்லிவிட்ட உடனே, தலைவிதி என்று கிடந்த ஒன்று தடுக்கக்கூடிய விபத்தாக மாறிவிட்டது. பிராண்ட் செய்த அறுவைகள் எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் இதுதான் என்பது என் எண்ணம்.

பிச்சைக்கு ஆகாத கைகள்

கை நிமிர்ந்தது. பிறகு? சில நோயாளிகள் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். மடங்கிய கையை நீட்டினால் காசு விழும், நிமிர்ந்த கையைப் பார்த்து யாரும் இரங்குவதில்லை. வேலை கேட்டுப் போனால் முகத்தைப் பார்த்துத் துரத்துகிறார்கள். பட்டினிதான் மிச்சம்.

ஒரு டாக்டர் இதைத் தன் வேலை இல்லை என்று ஒதுக்கியிருக்கலாம். பிராண்ட் 1950களின் தொடக்கத்தில் வேலூரில் 'நவஜீவ நிலையம்' என்ற சிறு குடியிருப்பை உருவாக்கினார். அங்கே நோயாளிகள் தங்கி, உணர்ச்சியற்ற கையைச் சேதப்படுத்தாமல் தொழில் செய்யப் பழகினார்கள். மரவேலைப் பட்டறையில், தச்சு கற்ற பிராண்ட் மறுபடி உளி எடுத்தார். எந்தக் கைப்பிடிக்கு எவ்வளவு தடிமன் இருந்தால் கை புண்ணாகாது என்று ஒவ்வொரு கருவியாகப் பார்த்து மாற்றினார்கள்.

முகமும் தடையாக இருந்தது. சப்பையான மூக்கும் மயிர் உதிர்ந்த புருவமும் நோயைக் காட்டிக்கொடுத்தன. அதனால் மூக்கை உள்ளிருந்து தூக்கி நிறுத்தினார்கள், தலைத்தோலிலிருந்து மயிரோடு ஒரு பட்டையை எடுத்துப் புருவமாக வைத்தார்கள். அலங்காரம் என்று சிலர் இதை இளப்பமாகப் பார்த்திருக்கலாம். புருவம் வந்தபின் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஆள் உட்காருவார் என்றால், அது அலங்காரம் ஆகாது.

மனைவி மார்கரெட்டின் பங்கு தனி. கண் மருத்துவத்தைத் தேவைக்காகவே கற்று, தொழுநோய்க் கண் சிகிச்சையில் உலகளவில் மதிக்கப்பட்டவர். இமை மூடாதவர் கண் வறண்டு பார்வை போகும். மெல்லும் தசையின் ஒரு கீற்றை இமையோடு இணைத்துவிட்டால், வாயை அசைக்கும்போதெல்லாம் இமை மூடும். அப்படி அறுவை செய்துகொண்டவர் பகல் முழுக்க அவ்வப்போது பல்லைக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் பார்வை மிஞ்சும்.

மேரி வர்கீஸ் கதையும் வேலூரில்தான் திரும்பியது. 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் பெண் டாக்டர். அறுவை மருத்துவக் கனவு முடிந்தது என்று படுத்திருந்தவரை, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்யலாம் என்று பிராண்ட் தூண்டினார். கை அறுவையை டாக்டர்கள் உட்கார்ந்து செய்வதுதான் வழக்கம். மேரி செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை உருவாக்கி, 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். முதுகெலும்பு முறிந்து வரும் நோயாளிகள் இன்றும் நாடெங்கிலுமிருந்து வேலூர் வருவதற்குப் போட்ட பாதை அவருடையது.

கரிகிரியில் இந்தப் பணியை எர்னஸ்ட் ஃபிரிட்சி முதலியோர் தொடர்ந்தார்கள். ஃபிரிட்சி எழுதிய தொழுநோய்ச் சீரமைப்பு அறுவை நூல் பல நாட்டு மருத்துவர்களுக்குப் பாடமாயிற்று. கரிகிரியின் பொட்டல் காட்டில் மரம் வளர்த்துச் சோலையாக்கியவரும் அவரே.

காலுக்கு வந்த பாடம்

கையைவிடக் கால்தான் பிராண்டை அதிகம் அலைக்கழித்தது. உள்ளங்காலில் குழிப்புண். கட்டுப்போட்டுப் படுக்கவைத்தால் ஆறுகிறது. எழுந்து நடந்தால் அதே இடத்தில் திரும்ப வருகிறது. கிருமி, நோய், அழுக்கு என்று எல்லாவற்றையும் சந்தேகித்துவிட்டுக் கடைசியில் நடையைப் பார்த்தார்.

புதுச் செருப்பு கடித்தால் நாம் என்ன செய்கிறோம்? நம்மை அறியாமலே பாதத்தைச் சாய்த்து, பாரத்தை வேறு பக்கம் மாற்றி, நொண்டிக்கொண்டாவது அந்த இடத்தைக் காப்பாற்றுகிறோம். உணர்ச்சி இல்லாதவர் நொண்டுவதில்லை. அதே எலும்பு முனை, அதே தோல், ஒரு நாளில் ஆயிரக்கணக்கான அடிகள். தோலுக்குக் கீழே சதை முதலில் சூடாகிறது, வீங்குகிறது, பிறகு உடைகிறது. முள் குத்தித்தான் புண் வரவேண்டும் என்றில்லை. மிதமான அழுத்தமே, ஓய்வில்லாமல் திரும்பத் திரும்பப் பட்டால், போதும். பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் பாதத்தில் இதை நிரூபித்தார்.

மருந்து இரண்டு வகையில் வந்தது. ஒன்று, செருப்பு. உள்ளங்காலின் பாரத்தைப் பரப்பிவிடும் மெத்தென்ற நுண்துளை ரப்பர், அதற்குக் கீழே முள் ஏறாத கடினமான அடிப்பாகம், மேலே ஆணி அடிக்காமல் தைத்த வார்கள். இன்று அரசு மருத்துவமனைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கொடுக்கிறார்களே, அது 1950களில் வேலூர், கரிகிரிப் பட்டறைகளில் பரிசோதித்துப் பரிசோதித்து உருவானது.

இரண்டாவது, மாவுக்கட்டு. புண் உள்ள காலுக்கே, பாதத்தின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் ஒட்டி முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டு நடக்க விடுவது. இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் 1930களிலேயே தொழுநோய்ப் புண்களுக்கு இதைக் கையாண்டிருந்தார். கட்டுக்குள் பாதம் முழுவதும் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதால் புண் உள்ள இடத்தில் அழுத்தம் குறைகிறது. நோயாளியால் அதைக் கழற்றி எறியவும் முடியாது. வலி செய்யவேண்டிய வேலையை மாவுக்கட்டு செய்கிறது.

செயற்கை வலி தோற்ற கதை

1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த அது அந்நாட்டின் தேசியத் தொழுநோய் மையம். 20 ஆண்டுகள் அங்கே மறுவாழ்வுப் பிரிவை நடத்தினார்.

அங்கே அவருக்கு ஒரு யோசனை. வலிதானே இல்லை, அதைச் செய்து கொடுத்தால் என்ன? பொறியாளர்களோடு சேர்ந்து கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை உணரும் கருவிகளைப் பொருத்தினார்கள். அளவு மீறினால் காதில் சத்தம் வரும். நோயாளிகள் சத்தத்தைக் கேட்டும் கேட்காததுபோல வேலையைத் தொடர்ந்தார்கள். விளக்கு எரியவிட்டார்கள், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில், உணர்ச்சி மிச்சமிருந்த அக்குளில் மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். அவசரமாக ஒரு வேலையை முடிக்கவேண்டியிருந்தால் நோயாளி சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைச் செய்து, பிறகு போட்டுக்கொண்டார்.

பல வருடம், பெரும் பணம் செலவிட்ட திட்டம் கைவிடப்பட்டது. உண்மையான வலிக்கு நம்மிடம் சுவிட்ச் இல்லை, அதனால்தான் அது வேலை செய்கிறது என்று பிராண்ட் புரிந்துகொண்டார். வலியை இழந்துவிட்டோமோ என்ற பயம் அவருக்கே ஒருமுறை வந்திருக்கிறது. நீண்ட ரயில் பயணத்துக்குப் பின் லண்டனில் ஓர் இரவு, குதிகாலில் உணர்ச்சி இல்லை என்று கண்டு ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது, மனைவி மக்களைப் பிரிந்து வாழவேண்டும் என்று விடியும்வரை தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது. உட்கார்ந்தே வந்ததில் கால் மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்கு அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். விசுவாசம் அவருடைய எல்லா வேலைக்கும் அடியில் ஓடிய நீரோட்டம், அதை அவர் எங்கும் மறைத்ததில்லை.

கார்வில் காலத்தில்தான் முக்கியமான திருப்பம் நேர்ந்தது. அமெரிக்காவில் தொழுநோயாளிகள் சில ஆயிரம் பேர். ஆனால் சர்க்கரை நோயால் பாதம் மரத்து, புண் வந்து, காலை இழப்பவர்கள் ஏராளம். பிராண்ட் அந்தப் புண்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். வேலூரில் பார்த்த அதே குழிப்புண், அதே இடத்தில். சர்க்கரை நோயில் ரத்தக்குழாய் அடைப்பும் சேர்ந்துவிடும் என்பது வேறுபாடு. ஆனாலும் 'சர்க்கரைக்காரர் புண் ஆறாது, காலை எடுத்துவிடுவோம்' என்ற பேச்சில் பழைய 'கெட்ட சதை' கதைதான் வேறு உடுப்பில் நின்றது. மாவுக்கட்டும், அழுத்தத்தைப் பரப்பும் காலணியும், தினமும் பாதத்தைத் தடவிச் சூடு பார்க்கும் பழக்கமும் கார்வில் வழியாகச் சர்க்கரை நோய் மருத்துவத்துக்குள் நுழைந்தன. கழற்ற முடியாத முழங்கால்வரைக் கட்டுதான் மரத்த பாதத்தின் புண்ணுக்கு முதல் தேர்வு என்று இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

நம் ஊர்ப் பாதங்கள்

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. தெருவுக்குத் தெரு சுகர் பரிசோதனை நிலையம் இருக்கிறது. மாத்திரை, இன்சுலின், ரத்த அளவு என்று வீட்டுக்கு வீடு பேசுகிறோம். பாதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆடி மாதம் தார்ச்சாலையில் வெறுங்காலோடு பாதயாத்திரை போய், உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் வந்தபின் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு. கால் 'ஜில்லென்று' இருக்கிறதே என்று வெந்நீரில் வைத்து வேகவைத்துக் கொள்கிறவர்கள் உண்டு. கால் ஆணியை பிளேடால் சீவுகிறவர்கள் உண்டு. செருப்புக்குள் கிடந்த கூழாங்கல்லோடு நாள் முழுக்க நடந்தவர்கள் உண்டு. வேலூர்ப் பையனின் பூட்டுச்சாவிதான் இவை எல்லாம்.

இத்தனைக்கும் பரிசோதனை எளிது. நோயாளியைக் கண் மூடச் சொல்லி, பேனா போன்ற பிடியில் பொருத்திய நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து, இழை வளையும்வரை மெல்ல அழுத்துகிறார்கள். வளையும்போது பாதத்தில் விழுவது 10 கிராம் விசை. 'இப்ப தொடுறேனா?' என்றால் 'ஆமா' என்று சொல்லவேண்டும். பெருவிரல், முன்பாதம் என்று சில இடங்களில் பதில் வராவிட்டால், அந்தப் பாதத்துக்குக் காவல் போய்விட்டது என்று பொருள். இந்த 10 கிராம் எல்லைக்கோட்டை நிலைநிறுத்தியது கார்வில் குழுதான், தொழுநோய்ப் பாதங்களிலும் சர்க்கரைப் பாதங்களிலும் அளந்து பார்த்து. ஸ்கேன் வேண்டாம், கரண்ட் வேண்டாம், நிமிடக்கணக்கில் முடியும் வேலை. ஆனால் செருப்பைக் கழற்றச் சொல்லாமலே சர்க்கரை நோயாளியைப் பார்த்தனுப்பும் கிளினிக்குகள் நம்மிடம் எத்தனை!

தமிழக அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பரிசோதித்து, காலிழப்பைத் தடுப்பதுதான் அதன் நோக்கம். மனமார வரவேற்கவேண்டிய திட்டம். பிராண்டின் வேலை தொடங்கிய மண்ணில் இது இன்னும் முன்பே வந்திருக்கவேண்டும்.

────────────
உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால்

ராத்திரி படுக்குமுன் இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு ஒரு கண்ணாடி, அல்லது வீட்டில் யாராவது ஒருவர்.

புறங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே சதை நைந்துகொண்டிருக்கலாம். புண் வரும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

செருப்பு, ஷூ போடுமுன் உள்ளே கையைவிட்டுத் துழாவுங்கள், கவிழ்த்துத் தட்டுங்கள்.

வெந்நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள், காலால் பார்க்காதீர்கள்.

வலிக்கவில்லை என்பதால் சின்னப் புண் என்று விட்டுவிடாதீர்கள். மரத்த பாதத்தில் புண்ணின் அளவுக்கும் வலிக்கும் சம்பந்தம் இல்லை.
────────────

தொழுநோய் போய்விடவில்லை

தொழுநோய் ஒழிந்த நோய் என்றே பலர் நினைக்கிறார்கள். 10,000 பேருக்கு 1 நோயாளிக்கும் குறைவு என்ற எல்லையை எட்டிவிட்டதாக 2005-ல் இந்தியா அறிவித்தது. அதோடு பேச்சும் குறைந்தது. ஆனால் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் புதிய நோயாளிகள் இந்தியாவில் கண்டறியப்படுகிறார்கள். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் நம் நாட்டவர்தான். கூட்டு மருந்துச் சிகிச்சை 6 மாதம் அல்லது 12 மாதம், இலவசம், முழுதாகக் குணமாகும். மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு.

மருந்து கிருமியைக் கொல்லும். செத்த நரம்பைத் திருப்பித் தராது. நோய் குணமான பிறகும் மரத்த கையோடும் காலோடும் பல ஆண்டுகள் வாழவேண்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். செருப்பும் பாதப் பராமரிப்பும் கை அறுவையும் அவர்களுக்கு இன்னும் வேண்டும். நோயாளி எண்ணிக்கை குறைந்ததும் பயிற்சி பெற்ற கைகளும் குறைகின்றன. தசைநாண் மாற்று அறுவையைக் கற்க வரும் இளம் டாக்டர்களுக்குப் பழக நோயாளிகள் கிடைப்பதில்லை. தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய படையைப் பார்த்தவுடன் சந்தேகிக்கும் கண்ணும் அருகி வருகிறது. தாமதமாகக் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் நரம்புச் சேதம் கூடுகிறது.

சட்டமும் மெதுவாகத்தான் நகர்ந்தது. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு, 2019 வரை நம் திருமணச் சட்டங்களில் இருந்தது. மருந்து வந்து, குணமாகும் என்று தெரிந்து, அரை நூற்றாண்டுக்கும் மேலாகியும்.

சட்டம் மெதுவாக நகர்ந்தாலும் மனிதர்கள் சிலர் காத்திருக்கவில்லை. பிராண்டின் அம்மா எவலின் கணவர் இறந்த பிறகும் மலைமக்களைக் கைவிடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்தபோதும் கேட்கவில்லை. மகன் உலகம் சுற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நாட்களில், தொண்ணூறு வயதைத் தாண்டிய அந்தப் பாட்டி மலைக் கிராமங்களுக்கு மட்டக்குதிரையில் போய் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். 1974-ல், 95 வயதில் இறந்தார்.

கரிகிரி இன்றும் இயங்குகிறது. அங்கே தொழுநோயாளிகளோடு சர்க்கரைப் புண்காரர்களும் வருகிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பாதம் பார்க்கிறார்கள், செருப்புக்கு அளவெடுக்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கும் இந்த ஏற்பாடு ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் வரமுடியும். ஒரு நைலான் இழை, ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி, மாவுக்கட்டுப் போடத் தெரிந்த ஒரு கை, நோயாளியின் காலைத் தொட்டுப் பார்க்கத் தயங்காத ஒரு டாக்டர். இதற்குமேல் பெரிய முதலீடு எதுவும் கேட்கவில்லை.